திரும்பி வருவேன் என்பதற்கு என்ன அத்தாட்சி?

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐரோப்பாவுக்கு விசா வாங்குவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெங்களூரில் டிராவல்ஸ் அலுவலகத்தின் விசா மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். அதனால்தான் கூப்பிட்டார்கள், வேறு தகுதி எனக்குக் கிடையாது. இன்னின்ன காகிதம், இத்தனை ஜெராக்ஸ் என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு நான் கீழே இறங்கிவிடலாம். நாளைக்கே மறந்துவிடுவீர்கள். பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் காகிதங்களை எதற்காகக் கேட்கிறார்கள், நம் ஊர்க்காரர் கையில் அவை ஏன் இருப்பதில்லை, இல்லாவிட்டால் என்ன செய்வது, இதைத்தான் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த ஊருக்கு வந்தவர்களை யாரும் விசா கேட்டதில்லை என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் எல்லை அளக்க வந்த இடத்தில் தங்கக் கதை கேட்டு, உரிகம், மாரிக்குப்பம் பக்கத்து ஜனங்களை மண் கொண்டுவரச் சொல்லிக் கழுவிப் பார்த்தார். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு வந்த லாவெல் என்கிற ஐரிஷ்காரர் 1873இல் மைசூர் அரசுக்கு மனுப் போட்டார். தங்கம் தோண்ட அனுமதி கேட்டாரே தவிர, ஊருக்குள் நுழைய அவருக்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அவர்கள் பின்னால் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் வந்தார்கள், இத்தாலிக்காரர்கள் வந்தார்கள். நம் பாட்டன் முப்பாட்டன் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மதராஸ் மாகாணத்தை விட்டு மைசூர் சமஸ்தானத்துக்குள் நடந்தே வந்தார்கள். அவர்களிடமும் யாரும் காகிதம் கேட்கவில்லை.

காகிதம் கேட்டது கம்பெனி. வேலைக்குச் சேர்ந்தபின் பதிவு, எண், டோக்கன், வெளியே வரும்போது சோதனை. 1930இல் இந்தச் சுரங்கங்களில் வாரக்கணக்கில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கூலி உயர்வு அல்ல, தொழிலாளியைப் பதிவு செய்ய விரல்ரேகை எடுக்கக் கம்பெனி கொண்டுவந்த ஏற்பாடுதான் அதற்குத் தீப்பொறி. 'நான் என்ன திருடனா, கைரேகை வைக்க?' என்கிற கோபம் அது. விசாவுக்குப் பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொல்லும்போது நம் வீட்டுக் கிழவர்கள் முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்குப் பரம்பரையாக வந்த சுளிப்பு.

உலகமும் அப்போது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. 1914க்கு முன் ஐரோப்பாவின் பெரும்பாலான எல்லைகளில் பாஸ்போர்ட் கேட்கும் வழக்கமே இல்லை. முதல் உலகப்போரில் ஒற்றனுக்குப் பயந்து வைத்த காவலைப் போர் முடிந்தபின்னும் எடுக்கவில்லை. 1920இல் பாரிசில் மாநாடு கூட்டி, பாஸ்போர்ட் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பொது வடிவம் கொடுத்தார்கள். இந்தியாவிலும் அதே ஆண்டு சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தின் கதவு நமக்குத் திறந்தே இருந்தது. 1962இல் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வரும்வரை, இந்தியர் கையில் பாஸ்போர்ட் இருந்தால் அங்கே இறங்கித் தங்கலாம். நம் ஊர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல அந்தக் காலத்தில் கப்பலேறியவைதான். அப்புறமும் சுற்றிப் பார்க்கப் போக முன்கூட்டி விசா வாங்கும் தொல்லை இல்லை. 1986இல் பிரிட்டன் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாட்டவருக்கு விசா கட்டாயம் என்றது. அதே ஆண்டு பாரிசில் குண்டுகள் வெடித்தன. பிரான்சும் ஐரோப்பிய சமூகத்துக்கு வெளியே உள்ள கிட்டத்தட்ட எல்லோருக்கும் விசா வைத்தது. நாற்பது வருஷத்துக் கதவு இது. உலகம் தோன்றிய நாளிலிருந்து இருக்கும் கதவு மாதிரி நாம் பயப்படுகிறோம்.

நம் பக்கத்துக் கதவையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் என்பது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை என்றுதான் இங்கேயும் நினைத்திருந்தார்கள். 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தின் பகுதி, சட்டமில்லாமல் அதைத் தடுக்க முடியாது என்றது. அதன்பின் அவசர அவசரமாக வந்ததுதான் 1967 பாஸ்போர்ட் சட்டம். 1978இல் மேனகா காந்தி வழக்கு அதை இன்னும் கெட்டியாக்கியது. ஆக, புறப்படுவது உங்கள் உரிமை. ஆனால் இன்னொரு நாட்டுக்குள் நுழைவது எந்த நீதிமன்றமும் உங்களுக்கு வாங்கித்தர முடியாத விஷயம்.

சரி, ஐரோப்பா. லண்டனுக்குப் போகிற அம்மா 'ஐரோப்பா விசா' என்று வந்து நிற்பார். மகன் மியூனிக்கில் இருக்கிற அப்பா 'ஃபாரின் விசா' என்று வந்து நிற்பார். இரண்டும் வேறு வேறு. பிரிட்டன் தனி, அயர்லாந்து தனி. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து என்று 29 நாடுகள் சேர்ந்து ஒரே விசாவை ஏற்கின்றன. அதற்கு ஷெங்கன் விசா என்று பெயர். ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள சின்னக் கிராமம். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கே ஒரு படகில் உட்கார்ந்து, எங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டன. பத்து வருஷம் கழித்து 1995இல் நடைமுறைக்கு வந்தது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில்தான் முழுதாகச் சேர்ந்தன. நார்வே, சுவிட்சர்லாந்து இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விசா கேட்க வேண்டும், எல்லாம் சம நாள் என்றால் முதலில் காலடி வைக்கும் நாட்டிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஜெர்மனியில் கூட்டம் என்று, வேறொரு நாட்டில் சுலபமாகக் கிடைக்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு அங்கே மனுப் போட்டுவிட்டு நேராக மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்து அதிகாரி கேட்கும் முதல் கேள்வியிலேயே அது சாயம் வெளுத்துவிடும்.

இனி காகிதத்துக்கு வருவோம். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் உயிரோடிருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். மூன்றரை சென்டிமீட்டருக்கு நாலரையில் புதிய போட்டோ வேண்டும். போக வர டிக்கெட் முன்பதிவு, தங்கும் இடம், செலவுக்குப் பணம், போகும் காரணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனுப் போடலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார்கள். முடிவு சொல்லப் பதினைந்து நாள் கெடு, சிக்கலான மனுவானால் நாற்பத்தைந்து நாள்வரை இழுக்கலாம். டிக்கெட்டை விசா வருமுன் பணம் கட்டி வாங்காதீர்கள், முன்பதிவு போதும். இவ்வளவையும் எந்த ஏஜென்டும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவான்.

அவன் சொல்லாதது ஒன்று உண்டு. இந்தக் காகிதங்களின் குவியலுக்கு அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த ஆள் திரும்பிப் போவானா? நீங்கள் பணக்காரரா ஏழையா என்பது அதிகாரிக்கு இரண்டாம் பட்சம். உங்களை உங்கள் ஊரோடு கட்டிப் போட்டிருக்கும் கயிறு எது என்பதைத்தான் தேடுகிறார். வேலையா, சொத்தா, வியாபாரமா, குடும்பமா? அந்தக் கயிற்றைக் காகிதத்தில் காட்டச் சொல்கிறார்.

இங்கேதான் தங்கவயல்காரனுக்கு இடிக்கிறது. இந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேலாக நம் காகிதம் எல்லாமே கம்பெனிக் காகிதம். வீடு கம்பெனி லைன் வீடு. பிறந்தது கம்பெனி ஆஸ்பத்திரி. வேலைக்குச் சான்று கம்பெனிப் பதிவேடு. 2001 பிப்ரவரி கடைசியில், சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனியை மூடியதோடு சம்பளம் மட்டும் போகவில்லை. 'இவர் இன்னார்' என்று நமக்காகச் சொல்லிக்கொண்டிருந்த வாயும் மூடிக்கொண்டது. மூன்று தலைமுறை ஒரே லைனில் வாழ்ந்த குடும்பத்திடம் வீட்டுப் பத்திரம் கேட்டால் எதை எடுத்துக் காட்டும்? சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் வேலை பார்த்தவரிடம் வருமான வரிக் கணக்கு கேட்டால்? அவரைவிட இந்த மண்ணோடு கட்டுண்டவர் யார்? ஆனால் விசா மேசையில் அந்த வேர் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது, இருக்கிற கயிற்றைக் காகிதமாக்குவது. அதற்கு முதல் வேலை பெயர். முனிசாமி என்கிற பெயரைக் கம்பெனிக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஒரு விதமாக இங்கிலீஷில் எழுதினார், கன்னடப் பள்ளி வாத்தியார் இன்னொரு விதமாக எழுதினார், வாக்காளர் பட்டியல்காரர் மூன்றாவது விதமாகப் போட்டார், ஆதாரில் நாலாவது விதம். நமக்கு எல்லாம் ஒரே முனிசாமி. கணினிக்கு நாலு பேர். விசாவுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துதான் வேதம். மற்றதெல்லாம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். திருத்த முடிகிறதை, ஆதார், பான், வங்கிக் கணக்கு இவற்றை, திருத்திவிடுங்கள். திருத்த முடியாத பழைய காகிதத்துக்கு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இனிஷியல். தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டத்தைக் காட்டினால் கை நடுங்குகிறது. ஒரே வீட்டில் அண்ணன் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி, தம்பி பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், தங்கை பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர். தவறொன்றும் இல்லை. ஆனால் விசா மனுவிலும் விமான டிக்கெட்டிலும் காப்பீட்டிலும் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, ஒரு எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு ஆட்சேபம் கிளப்பியபோது எத்தனை தமிழர்கள் விமான நிலையத்தில் நின்றார்கள் என்பது நினைவிருக்கும்.

பிறந்த தேதிச் சான்று இல்லையே என்று பாஸ்போர்ட்டே எடுக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இங்கே உண்டு. பிறப்புச் சான்றிதழ்தான் ஒரே ஆதாரம் என்கிற விதி 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும். நீங்கள் பள்ளிச் சான்று, பான் அட்டை போன்றவற்றை வைத்தே எடுக்கலாம். போலீஸ் விசாரணை கோலாருக்குப் போகாது. தங்கவயல் தனிப் போலீஸ் மாவட்டம், நம் ஊரிலேயே முடியும். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று குறித்து வருவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அது வளைகுடா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாக்க 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் வைத்தது. ஐரோப்பிய நாடு ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

இனி வருமானம். சுரங்க ஓய்வூதியர்களுக்கு இ.பி.எஸ். பென்ஷன் எவ்வளவு சொற்பம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதை மறைக்காதீர்கள். மாதா மாதம் அது விழும் பாஸ்புக்கைத்தான் காட்ட வேண்டும். 'ரெண்டு லட்சம் போட்டு வைக்கிறேன், விசா வந்ததும் எடுத்துக்கிறேன்' என்று சொல்லும் ஏஜென்ட் இருக்கிறானே, அவனிடம் ஜாக்கிரதை. வருஷம் முழுக்க ஆயிரமும் இரண்டாயிரமும் வந்துபோன கணக்கில் மனுப் போடும் வாரத்தில் திடீரென்று லட்சம் முளைத்தால், அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. பொய்க் காகிதம் என்று ஒரு தடவை பதிவானால் அது 29 நாடுகளும் பார்க்கும் ஏட்டில் ஏறும்.

மகனோ மகளோ ஜெர்மனியில் வேலையில் இருந்தால் சரியான வழி ஒன்று இருக்கிறது. அவர்கள் இருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சீட்டைக் காட்டி, 29 யூரோ கட்டி, 'என் அப்பா அம்மா செலவு முழுக்க என் பொறுப்பு' என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அது வெறும் அழைப்புக் கடிதம் அல்ல. நீங்கள் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால் அரசு அந்தப் பணத்தை மகனிடம் வசூலிக்கலாம் என்கிற அளவுக்குச் சட்டபூர்வமானது. அந்தப் பத்திரத்தின் அசல் கூரியரில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு கவுன்டரில் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. பிரான்சில் இருப்பவர்கள் ஊர் மேயர் அலுவலகத்தில் இதைப் போலத் தங்குமிடச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும்.

இதோடு பணப் பிரச்சினை தீரும். கயிற்றுப் பிரச்சினை தீராது. என் மேசைக்கு வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். மாரிக்குப்பம் பக்கம். புருஷன் சுரங்கத் தூசியில் நெஞ்சு போய் இறந்தவர். மகன் ஸ்டுட்கார்ட்டில் வேலை, மருமகளுக்குப் பிரசவம். அம்மாவிடம் இருந்தது விதவைப் பென்ஷன் பாஸ்புக், ரேஷன் கார்டு, ஒரு தையல் மெஷின். 'எங்கிட்ட என்ன சார் இருக்கு, குடுக்கமாட்டாங்க' என்றார். பேச்சுக் கொடுத்தேன். மூத்த மகள் ஆண்டர்சன்பேட்டையில். அவளும் மாப்பிள்ளையும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சோறு போட்டு, மாலையில் பார்த்துக்கொள்வது இந்த அம்மா. இது கயிறு இல்லையா? மகளிடம் ஒரு கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மகள் மாப்பிள்ளையின் சீசன் டிக்கெட் ஜெராக்ஸ், கோடை விடுமுறைக்குள் போய்ப் பள்ளி திறக்குமுன் வருகிற மாதிரி தேதிகள். முன்கடிதத்தில் ஒரு பக்கத்தில், அலங்காரம் இல்லாமல், இதை எழுதினோம். கேட்ட நாட்களுக்கு விசா வந்தது. அந்த சீசன் டிக்கெட்தான் வாங்கிக் கொடுத்தது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். அதிகாரியின் மனசுக்குள் யாரும் போய்வந்ததில்லை. ஆனால் இல்லாத சொத்தைக் காட்டுவதைவிட இருக்கிற கடமையைக் காட்டுவது மேல் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. தையல் கடைக்கு உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருந்தால் வையுங்கள். சங்கத்தில் பொறுப்பு இருந்தால் வையுங்கள். வேலையில் இருப்பவர் விடுப்புக் கடிதமும், திரும்பியதும் வேலை உண்டு என்று முதலாளி தரும் எழுத்தும் வையுங்கள். கன்னடத்திலோ தமிழிலோ உள்ள காகிதத்தோடு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

மனுவை வாங்கும் இடம் பெங்களூரில் உள்ள வி.எஃப்.எஸ். மாதிரியான மையம். அங்கே கவுன்டரில் இருப்பவர் வாங்கி அடுக்கி அனுப்புகிறவர்; முடிவு தூதரகத்துடையது. ஆகவே அவரிடம் அழவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். 'உள்ளே ஆள் இருக்கு' என்று வெளியே நின்று சொல்கிறவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். சீசனில் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஏப்ரல், மே பயணத்துக்குத் தைப் பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்துவிடுங்கள்.

அங்கேதான் விரல். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். எடுத்தது 59 மாதம்வரை மறுபடி பயன்படும், அதற்குள் திரும்ப மனுப் போட்டால் பெரும்பாலும் மீண்டும் எடுக்க வேண்டியதில்லை. பாறையோடும் அதைத் துளைக்கும் ஜம்பரோடும் உழைத்த கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷின் 'மறுபடி வை, மறுபடி வை' என்று அடம்பிடிக்கும். பெரியவர் கூனிக்குறுகி நிற்பார். கூச வேண்டியதில்லை. எத்தனை விரல் பதிகிறதோ அத்தனை போதும், அடியோடு பதியவில்லை என்றால் விலக்கு உண்டு என்று அவர்களுடைய விசா விதியிலேயே இருக்கிறது. விரல் இழந்தவர்களுக்கும் அப்படித்தான். போவதற்குச் சில நாள் முன்பிருந்து இரவில் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவி வாருங்கள், ஓரளவு பலன் இருக்கும். அன்று காலை மட்டும் எண்ணெய் கூடாது.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 2024 ஜூன் முதல். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பாதி. நம் பணத்தில் தலைக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல், மையத்துக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. 2024இல் இந்தியாவில் பதினோரு லட்சத்துக்கும் அதிகமான ஷெங்கன் மனுக்கள் போனதில் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு மறுத்தார்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பணத்தைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. ஒரு ஜெர்மன்காரர் நம் ஊருக்கு வர வீட்டில் உட்கார்ந்தபடியே இ-விசா வாங்கிவிடுகிறார். நம் ஆள் பென்ஷன் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு, பத்து விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஜெர்மனி 2024இல் இந்தியத் திறமையாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு இருபதாயிரத்திலிருந்து தொண்ணூறாயிரமாக உயர்த்துவதாகச் சொன்னது. பிள்ளை வேண்டும், பிள்ளையைப் பெற்றவள் மூன்று மாதம் வந்து பேரனைத் தூக்கினால் மட்டும் சந்தேகம். இதை ஏன் என்று கேட்க அந்தக் கவுன்டரில் யாரும் இல்லை.

மறுப்பு வந்தால் என்ன செய்வது? ஒரு அச்சிட்ட தாள் வரும். அதில் காரணங்களுக்கு எதிரே கட்டம், ஏதாவது ஒன்றிரண்டில் குறி. நம்மவர்களுக்கு அதிகம் விழுவது, போகும் நோக்கம் தெளிவில்லை என்பதும், கெடு முடியுமுன் வெளியேறுவார் என்பதில் நியாயமான ஐயம் என்பதும். அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். மேல்முறையீடு உண்டு. ஜெர்மனியில் முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம்; 2025 ஜூலை முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள், இப்போது பெர்லின் நிர்வாக நீதிமன்றம்தான். பேரனைப் பார்க்கப் போகும் பாட்டிக்கு பெர்லினில் வக்கீலா? குறியிட்ட காரணத்துக்குப் பதிலாகும் காகிதத்தைச் சேர்த்து மறுபடி மனுப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற காரியம். முன்பு மறுக்கப்பட்டதா என்று கேட்டால் ஆமாம் என்று எழுதுங்கள். அவர்கள் ஏட்டில் அது இருக்கும்.

விசா வந்துவிட்டது. ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஒன்று இருக்கும். அதற்குக் கீழே தங்கக்கூடிய நாட்கள் என்று தனியாக ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஜூன் கடைசிவரை செல்லும் என்று போட்டிருந்தாலும், நாட்கள் 30 என்றால் முப்பதாவது நாள் கிளம்பியாக வேண்டும். போன நாளும் வந்த நாளும் கணக்கில் சேரும். எத்தனை தடவை நுழையலாம் என்பது இன்னொரு கட்டம். அதில் ஒன்று என்றிருந்தால், நடுவில் லண்டன் போய்வர ஆசைப்பட்டுத் திரும்ப உள்ளே நுழைய முடியாது. எந்த விசாவானாலும் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் கூடாது. மார்ச் 1ஆம் தேதி போய் மே 29 வரை இருந்தால் 90 முடிந்தது. மறுபடி எப்போது நுழையலாம்? ஆகஸ்ட் 28. வெளியே வந்த நாளிலிருந்து 180 எண்ணுகிறவர்களும் உண்டு, ஒரு நாள் வெளியே வந்துவிட்டு உள்ளே போனால் புதுக் கணக்கு என்று நினைக்கிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணி, அதற்குள் எத்தனை நாள் அங்கே இருந்தீர்கள் என்று பார்ப்பார்கள்.

விசா இருந்தாலும் எல்லை அதிகாரி கேள்வி கேட்கலாம், திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பெங்களூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் பாரிஸ் போனால் சோதனை ஃபிராங்க்ஃபர்ட்டில். எங்கே போகிறாய், யார் வீடு, எப்போது திரும்புவாய்? மகன் முகவரி, திரும்பும் டிக்கெட், காப்பீடு இவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் அல்ல. இங்கிலீஷ் வராதவர்கள் மகன் முகவரியையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும். தமிழ் தெரியாதது அவர்களுடைய கஷ்டம். காப்பீடு எடுக்கும்போது ஏற்கனவே உள்ள நோய்க்கு அது செல்லுமா என்று கேட்டு எடுங்கள். சர்க்கரையும் நெஞ்சுத் தூசியும் இருக்கிறவர்கள் மலிவைப் பார்க்காதீர்கள். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

பெட்டியைப் பற்றியும் கேட்பீர்கள். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய் பாட்டில், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போகும். பழங்களில் தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கும் தடையில்லை. சீனிவாசபுரம் மாம்பழம் எவ்வளவு இனித்தாலும் தாவரச் சான்று இல்லாமல் போகாது, கறிவேப்பிலையும் அப்படியே. தங்க நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள் புறப்படும்போதே இங்கே சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது 'அங்கே வாங்கியதா?' என்பார்கள். தங்கவயல்காரனிடம் கேட்கிற கேள்வியா அது என்று நீங்கள் சிரிக்கலாம், அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

கடைசியாகத் திரும்பி வருவது. முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள், அது மங்கலாக விழுந்தால் போன நாளும் வந்த நாளும் சண்டையாகும். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவைக் கொண்டுவந்திருக்கிறார்கள்; 2026 ஏப்ரல் 10க்குள் எல்லா எல்லைகளிலும் முழுதாக நடைமுறைக்கு வர வேண்டும் என்று கெடு வைத்தார்கள். நுழைந்தது எந்த நாள், வெளியேறியது எந்த நாள் என்று அதிலே நிற்கும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அது தெரியும். இது மிரட்டல் மாதிரி இருந்தாலும், ஒழுங்காகத் திரும்பியவருக்கு இது சாட்சி. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஏற்பாடு செய்தது: மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, அடுத்தது இரண்டு வருஷத்துக்குப் பல தடவை போய்வரும் விசா, அதையும் முறையாகப் பயன்படுத்தினால், பாஸ்போர்ட்டில் ஆயுள் மிச்சமிருந்தால், ஐந்து வருஷம். மாரிக்குப்பத்து அம்மா மாதிரி ஒருவர் இரண்டு பிரசவத்துக்குப் போய்ச் சொன்ன தேதியில் வந்திருந்தால், மூன்றாவது தடவை லைன் வீட்டுக்குப் பத்திரம் எங்கே என்கிற கேள்விக்கு அவ்வளவு எடை இருக்காது. அவர் திரும்பி வந்ததே பத்திரம். அதற்காகத்தான் சொல்கிறேன்: காலாவதியான பழைய பாஸ்போர்ட்டைப் பரணில் போடாதீர்கள், பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். அடுத்த மனுவுக்கு அதையும் புதிய பாஸ்போர்ட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.